ஆட்சியை ஆட்டுவோர் யார்?

(மதுரை ஆரப்பாளையத்தில் நிகழ்ந்த தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்திற்கு வரும் வழியில், ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க்கடையில் நின்றிருந்த அன்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். "ஐயா, நீங்கள் தேர்தலில் நிற்பதில்லை, ஒருவரையும் நிறுத்துவதுமில்லை. சட்டமன்றத்தில் உங்களுக்கென ஓர் இருக்கையும் இல்லை. பின் நீங்கள் மாதந்தோறும் கூடிப் பேசி ஆவதென்ன?" என்று வினவினார். அவர் எள்ளலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். ஆகவே உண்மையாகவே விடை கூறவேண்டும். இன்றைய என் பேச்சு முழுவதும் அவருக்குரிய விடையே என்க.

ஆட்சி என்பது கோட்டையில் அமர்ந்தவர் கையில் மட்டும் இருப்பதன்று. அமர்ந்தவரை அமர்த்தியவர் எவர்? அமர்ந்தபின் அவர் செவியில் நாள்தோறும் பேசுகின்றவர் எவர்? அவர் எவருக்கு அஞ்சுகின்றார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டாலன்றி ஆட்சி யாருடையது என்பது விளங்காது.

கட்சி என்பது ஆட்சியைக் கைக்கொள்ள விழையும் கூட்டம். ஆட்சியைத் தான் கைக்கொள்ள விழையாது, எவர் ஆண்டாலும் தன் நோக்கத்தை அவர் கையால் நிறைவேற்றிக்கொள்ள விழையும் கூட்டம் மற்றொன்று. அரசியல் நூலார் இதனை அழுத்தக்குழு என்பர். நலக்குழு என்பாரும் உளர். வணிகர் கழகம், ஆலை முதலாளிகள் கழகம், தொழிலாளர் கழகம், உழவர் கழகம், ஆசிரியர் கழகம் யாவும் இவ்வகையின. நம் தமிழியக்கமும் இவ்வகையினதே. அரசனுக்கு இடித்துரைப்பார் வேண்டும் என்று 'பெரியாரைத் துணைக்கோடல்' வகுத்த வள்ளுவரின் மரபில் வந்தவர்க்கு இக்கருத்துப் புதிதன்று.

இக்குழுக்களின் ஆற்றலை அறிய அமெரிக்க நாட்டின் வரலாறு நமக்கு நல்ல பாடம். 1787-இல் அந்நாட்டார் அரசியலமைப்பை வகுத்தபோது, கட்சி என்னும் சொல்லே அதில் இடம்பெறவில்லை. அவ்வாண்டே மாடிசன் என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் இக்குழுக்களைப் பற்றி ஆராய்ந்தார். மக்கள் தத்தம் நலங்களுக்கேற்பக் குழுக்களாகப் பிரிவர். விடுதலையை ஒழித்தாலன்றிக் குழுக்களை ஒழித்தல் இயலாது. ஆதலின் நாடு பெரிதாகவும் குழுக்கள் பலவாகவும் இருப்பின் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. முதற் குடித்தலைவராகிய வாசிங்டன், 1796-இல் பதவியினின்று விலகும் வேளை, கட்சி வெறியைக் குறித்து நாட்டு மக்களை எச்சரித்தார். ஆயினும் அதற்குள்ளாகவே இரு கட்சிகள் முளைத்துவிட்டன. குழுக்களைப் பற்றி எழுதிய மாடிசனே செபர்சனுடன் கூடி ஒரு கட்சியைக் கட்டினார்! இன்றோ குடியாட்சிக் கட்சி, குடியரசுக் கட்சி என்னும் இரண்டுமே மாறி மாறி அந்நாட்டை ஆள்கின்றன. மூன்றாவது கட்சி எதுவும் தலையெடுக்க இயலவில்லை.

மூன்றாவது கட்சிக்கு இடமில்லாத அந்நாட்டில் புதுக்கொள்கை உடையவர் என் செய்வர்? இங்கேதான் நம் தேநீர்க்கடை அன்பருக்குரிய விடை தொடங்குகிறது.

குடியை ஒழிக்க விரும்பிய அமெரிக்கர் சிலர் 1869-இல் குடிவிலக்குக் கட்சி என ஒரு கட்சியைத் தொடங்கினர். தேர்தல்தோறும் நின்றனர், தோற்றனர். இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1893-இல் ஒகாயோ மாநிலத்தில் வேறு சிலர், சாராயக்கடை எதிர்ப்புக் கழகம் என்னும் பொருள்படும் பெயரால் ஓர் அமைப்பைத் தொடங்கினர். இவர்கள் தேர்தலில் நிற்கவில்லை. ஒவ்வொரு வேட்பாளரிடமும் சென்று, "நீர் எக்கட்சியினராயினும் ஆகுக, குடியை ஒழிக்கக் கை தூக்குவீரா, மாட்டீரா?" என்று ஒரே வினாவை வினவினர். தூக்குவேன் என்றவர்க்கு ஒப்போலை. மாட்டேன் என்றவர்க்குத் தோல்வி. ஊர்தோறும் இருந்த கிறித்தவக் கோயில்களின் வழியே அவர்தம் சொல் வீடுதோறும் சென்றது. சில நூறு ஒப்போலைகளால் வெற்றி தோல்வி முடிவாகும் தொகுதிகளில் இரு கட்சிக்காரரும் இவர்களுக்கு அஞ்சினர். விளைவு யாது? 1917-இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்த முற்பட்டது; 1919-இல் மாநிலங்கள் இசைந்தன; 1920-இல் நாடு முழுமையும் குடிவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கட்சியாக நின்றவர் செய்ய இயலாததைக் கழகமாக நின்றவர் செய்து முடித்தனர்.

கதை இத்துடன் முடிந்திருப்பின் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் முடியவில்லை. பதின்மூன்றே ஆண்டுகளில், 1933-இல், அச்சட்டம் நீக்கப்பட்டது. ஏன்? நகரங்களில் மக்கள் மறைவாகக் குடித்தனர். கள்ளச் சாராயம் விற்ற கொடியோர் கொழுத்தனர். 1929-க்குப் பின் நேர்ந்த பெரும் பொருளியல் வீழ்ச்சியில் அரசுக்குச் சாராய வரி தேவைப்பட்டது. பெருஞ்செல்வர் சிலர் பொருள் கொடுத்துத் தாங்கிய எதிர்க்கழகம் ஒன்றும் சட்டத்தை நீக்க ஓயாது உழைத்தது. சட்டப் புத்தகத்தில் ஏறிய கொள்கை மக்கள் இல்லத்தில் ஏறவில்லை. ஆகவே புத்தகத்தினின்றும் இறங்கிற்று.

இவ்வரலாறு தரும் பாடங்கள் மூன்று. ஆட்சியில் அமராமலே சட்டம் ஆக்கலாம் என்பது ஒன்று. நமக்கொரு கழகம் உண்டெனின் நம் எதிர்ப்பக்கத்தார்க்கும் ஒரு கழகம் உண்டு என்பது இரண்டு. இல்லத்தில் ஏறாத சட்டம் நிலைக்காது என்பது மூன்று. இம்மூன்றையும் உளத்திற் கொண்டு நம் நாட்டிற்கு வருவோம்.

1938-இல் இராசாசி தலைமையிலிருந்த பேராயக் கட்சி அமைச்சரவை, 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிற்று. எதிர்த்தெழுந்தவர் யாவர்? மறைமலையடிகள், பெரியார் ஈ.வெ.இரா., நம் மதுரைப் பசுமலையில் வாழ்ந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர். சட்டமன்றப் பெரும்பான்மை இவர்கள் பக்கம் இல்லை. நடராசன், தாளமுத்து என்னும் இரண்டு இளைஞர்கள் 1939-இல் சிறைப்பட்டு உயிர் நீத்தனர். அமைச்சரவை பதவி விலகிய பின், 1940 பிப்பிரவரியில் ஆளுநர் அவ்வாணையை நீக்கினார். கட்சி கொணர்ந்ததை இயக்கம் அகற்றிற்று.

அடுத்து 1956. விருதுநகரில் சங்கரலிங்கனார் என்னும் முதியவர், பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்து 27.7.1956 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். அவற்றுள் தலையாயது, இம்மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்னும் பெயர் சூட்டவேண்டும் என்பது. ஆண்ட கட்சி இணங்கவில்லை. பல நாள்கள் உண்ணாதிருந்து, 13.10.1956 அன்று இதே மதுரையில், அரசு மருத்துவமனையில் அவர் உயிர் துறந்தார். அக்கட்டடத்தைக் கடந்து நாம் நாள்தோறும் செல்கின்றோம். எத்தனைப் பேர் ஒருநொடி நிற்கின்றோம்? அவர் கேட்டது கிடைக்க ஓர் ஆட்சி மாற்றம் தேவைப்பட்டது. அண்ணா முதலமைச்சரான பின், 18.7.1967 அன்று சட்டமன்றம் முடிவெடுத்தது, 14.1.1969 முதல் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் உயிர் கொடுத்தும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

அவ்வாட்சி மாற்றம் எங்கிருந்து வந்தது? 1965 சனவரி 26 முதல் இந்தி இந்தியாவின் ஆட்சிமொழி ஆகும் என்றிருந்த நிலையில், முந்தைய நாள் மதுரையில் மாணாக்கர் ஊர்வலம் புறப்பட்டது. பேராயக் கட்சி அலுவலகத்தின் முன் மோதல் நேர்ந்தது. அங்கே பற்றிய தீ நாடெங்கும் பரவிற்று. மாணாக்கர் கட்சியாக எழவில்லை; அவர்களுள் பெரும்பாலோர்க்கு ஒப்போலை உரிமையே இல்லை. ஆயினும் ஈராண்டு கழித்து, 1967 தேர்தலில் அத்தீயின் வெளிச்சத்திலேதான் திராவிட முன்னேற்றக் கழகம் கோட்டைக்குள் நுழைந்தது. 23.1.1968 அன்று சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. இயக்கம் மூட்டும், கட்சி கொண்டு செல்லும், சட்டமன்றம் எழுதும். இதுவே முறை. இயக்கம் இல்லாத கட்சி மறந்துவிடும். கட்சியின் செவி கிட்டாத இயக்கம் சங்கரலிங்கனாரைப் போல் காத்துக்கிடக்கும்.

அன்புடையீர், இதுவரை கூறியவை நம் பெருமைகள். இனிக் கூறப்போவது நம் தோல்வி. பெருமையை மேடையில் பேசுவது எளிது. தோல்வியைப் பேசினாலன்றி நாம் கற்கமாட்டோம்.

1999 ஏப்பிரலில், தமிழ்வழிக் கல்வி வேண்டித் தமிழறிஞர் ஏறத்தாழ நூறு பேர் சென்னையில் சாகும்வரை உண்ணாநோன்பு என அமர்ந்தனர். தமிழ்ச்சான்றோர் பேரவை அதனை நடத்தியது. நம் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தமிழண்ணல் அதன் முன்னணியில் நின்றார். அரசு இறங்கி வந்தது. நடுவராக இருந்த மோகன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு நவம்பரில், ஐந்தாம் வகுப்புவரை தமிழையோ தாய்மொழியையோ பயிற்றுமொழியாகக் கொள்ளவேண்டும் என்னும் ஆணை பிறந்தது. நாம் இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம்.

தனியார் பள்ளி நடத்துவோர் கழகம் என் செய்தது? அவர்கள் தெருவில் இறங்கவில்லை; உண்ணாநோன்பு இருக்கவில்லை; ஒரு முழக்கமும் எழுப்பவில்லை. வழக்கறிஞரை அமர்த்தி உயர்நயன்மன்றம் சென்றனர். 2000 ஏப்பிரலில் அவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. நோன்பு தொடங்கிய ஏப்பிரலுக்கும் தீர்ப்பு வந்த ஏப்பிரலுக்கும் இடையே ஓராண்டுதான். அதன்பின் 2014-இல், கன்னட நாட்டிலிருந்து வந்த வழக்கொன்றில், தலைமை நயன்மன்றத்தின் ஐந்து நடுவர் அமர்ந்த ஆயம், தொடக்கப் பள்ளியில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக அரசு கட்டாயப்படுத்தல் ஆகாது, பயிற்றுமொழியைத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோர் பக்கத்தது என முடிவு கூறிற்று.

இரு கழகங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நம்மிடம் உணர்ச்சி இருந்தது. அவர்களிடம் அமைப்பு இருந்தது. நாம் ஒரு திங்கள் எழுந்தோம். அவர்கள் ஆண்டு முழுவதும் விழித்திருந்தனர். நமக்கு உண்டியல்; அவர்களுக்குப் பள்ளிக் கட்டணம். நாம் ஆணையைப் பெற்றதும் வீடு திரும்பினோம். அவர்கள் ஆணையைப் படித்து அதன் ஓட்டையைக் கண்டனர். அவர்களைப் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. தம் நலத்தைத் தாம் காத்துக்கொண்டனர்; குடியாட்சியில் அது அவர்க்குரிய உரிமை. நம் மொழியின் நலத்தை நாம் அவ்வாறு காத்தோமா என்பதே வினா.

பணத்தின் வலிமையைச் சிறிது சொல்லவேண்டும். அமெரிக்காவில் அவை உறுப்பினரை அணுகிப் பேசித் தம் வயப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டோர் பல்லாயிரவர். 1995-இல் இயற்றிய சட்டப்படி அவர்கள் தம் பெயரைப் பதிந்து, எவருக்காக எவ்வளவு பணம் பெற்றனர் எனக் கணக்குக் காட்டவேண்டும். ஆனால் 2010-இல் அந்நாட்டுத் தலைமை நயன்மன்றம், வணிக நிறுவனங்கள் தேர்தற் காலத்தில் தாமே தனித்துச் செலவிடும் பணத்திற்கு வரம்பிடல் ஆகாது எனத் தீர்ப்பளித்துவிட்டது. நம் நாட்டிலோ அவ்வாறு பெயர் பதியும் சட்டமும் இல்லை. கட்சிக்குப் பணம் தருவோர் பெயரை மறைக்க உதவிய தேர்தல் பத்திரத் திட்டத்தை, 2024 பிப்பிரவரியில் நம் தலைமை நயன்மன்றம் செல்லாது என்றது. அதுவரை ஆறாண்டுகள் எவர் எக்கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒப்போலை இடும் நாம் அறியோம். பணமுடையவர் ஆட்சியாளரின் செவியருகே அமர்கின்றார். பணமில்லாத நாம் தெருவில் நின்று கூவுகின்றோம். கூவுதல் தவறன்று. கூவியபின் கலைந்து போவதே தவறு.

ஆனால், அன்பர்களே, பணம் மட்டுமே நம்மை வீழ்த்தியது என்று கூறி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. தமிழ்நாட்டில் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. அதற்காக எந்தக் கழகம் உண்ணாநோன்பு இருந்தது? எந்த ஊர்வலம் சென்றது? எதுவும் இல்லை. பெற்றோர் தம் பிள்ளைகளின் கையைப் பிடித்து அரசுப் பள்ளி வாயிலினின்று தனியார் பள்ளி வாயிலுக்கு நடந்தனர். அந்த நடையே கோரிக்கை. வகுப்பறை வெறுமையாவதைக் கண்ட அரசு பணிந்தது. தலைவரும் கொடியும் இல்லாத அக்கூட்டத்தைப் போல் வலிய அழுத்தக்குழு இந்நாட்டில் வேறில்லை. அக்கூட்டத்தில் இருந்தவர் அயலார் அல்லர், நாமே.

நாமே என்று கூறும்போது நான் என்னையும் சேர்த்தே கூறுகின்றேன். 1999-இல் நான் தமிழ் கற்பிக்கும் பணியில் புதிதாகச் சேர்ந்த இளைஞன். அறிஞர்களின் நோன்புச் செய்தியை நாளிதழிற் படித்துக் கண்ணீர் உகுத்தேன். சில ஆண்டுகள் கழித்து என் மூத்த மகளைப் பள்ளியிற் சேர்க்கும் நாள் வந்தது. "பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஆங்கிலம் பேசும், நம் பிள்ளை மட்டும் பின்தங்கவேண்டுமா?" என்று என் மனைவியார் கேட்டார். இலக்கணத்தில் எந்த ஐயத்திற்கும் விடை கூறும் எனக்கு அவ்வினாவிற்கு விடை கூறத் தெரியவில்லை. மகளை ஆங்கிலவழிப் பள்ளியிற் சேர்த்தேன். தமிழாசிரியன் மகள் எண்களைத் தமிழிற் சொல்லத் தடுமாறியதைக் கேட்ட நாளில்தான் எனக்கு அறிவு வந்தது. இளையவனைத் தமிழ்வழியிற் சேர்த்தேன். அவன் நன்றாகவே படித்தான். ஆங்கிலத்தையும் ஒரு மொழியாக நன்கு கற்றான். ஆனால் மூத்தவளிடம் நான் பட்ட கடனை இன்னும் தீர்க்கவில்லை.

இதை ஏன் இம்மேடையிற் கூறுகின்றேன்? அன்று என் மனைவியார் கேட்ட வினா அச்சத்திற் பிறந்தது. அவ்வச்சத்தைப் போக்கும் விடை என்னிடமும் இல்லை. என் இயக்கத்திடமும் இல்லை. தமிழ்வழிப் படித்தவனுக்கு வேலை எங்கே, மேற்கல்வி எங்கே என்னும் வினாக்களுக்கு விடை வைத்துக்கொண்டுதான் ஆணை கேட்டிருக்கவேண்டும். அமெரிக்கக் குடிவிலக்குச் சட்டத்திற்கு நேர்ந்ததே நம் ஆணைக்கும் நேர்ந்தது. நயன்மன்றம் அடிப்பதற்கு முன்பே நம் இல்லங்கள் அதனைத் தள்ளிவிட்டிருந்தன.

முற்றும் இருளே என்று எண்ணிவிடாதீர்கள். 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்புவரை தமிழை ஒரு பாடமாகவேனும் படிக்கவேண்டும் என்பதைப் படிப்படியாக நிலைநாட்டிற்று. 2010-இல் தமிழ்வழிப் படித்தோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமையாகத் தரும் சட்டம் வந்தது. பட்டப்படிப்பை மட்டும் தமிழ்வழியிற் படித்ததாகக் காட்டி அவ்விடத்தைப் பெறுவோர் இருந்தமையால், பள்ளிமுதல் தமிழ்வழிப் படித்திருக்கவேண்டும் என 2020-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இச்சட்டம் நிலைத்தது ஏன்? இது எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. அச்சத்திற்கு விடை தந்தது. என் மனைவியாரின் வினாவிற்கு ஓரளவேனும் இதில் விடை உண்டு. ஆனால் இச்சட்டத்தை அறிந்த பெற்றோர் இந்த ஆரப்பாளையத்தில் எத்தனைப் பேர்? அரசு இயற்றிய சட்டத்தை அறிவித்தல் அரசின் கடன் மட்டுமன்று. நம் கடனும் ஆகும்.

ஆகவே நாம் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி அமைகின்றேன்.

முதலாவது: தேர்தல் வருமுன், நம் தொகுதியில் நிற்கும் எல்லா வேட்பாளரிடமும் எழுத்தில் வினவுவோம். தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியரும் கட்டடமும் தருவதற்கு என் செய்வீர்? இருபது விழுக்காட்டை ஒழுங்காக நிறைவேற்றக் குரல் கொடுப்பீரா? அவர்தம் விடையை அச்சிட்டு வீடுதோறும் கொடுப்போம். விடை தராதவர் பெயரையும் அச்சிடுவோம். ஐந்தாண்டு கழித்து அதே தாளை எடுத்துக்கொண்டு மீண்டும் அவரிடம் செல்வோம்.

இரண்டாவது: எந்தக் கட்சிக்கும் வாலாகாதிருப்போம். ஒரு கட்சி நம்மை எப்போதும் தன்னுடையவர் என்று எண்ணின் நமக்கு ஒன்றும் தராது. மறுகட்சி நம்மை எப்போதும் அயலார் என்று எண்ணினும் ஒன்றும் தராது. பொன்னாடைக்கும் விருதுக்கும் தலை குனிந்த புலவன் வாய் பின்னர்த் திறவாது.

மூன்றாவது: சட்டம் கற்ற இளைஞர் இருவரேனும் நம் கூட்டத்தில் இருத்தல் வேண்டும். அரசாணை வெளிவரும்போதெல்லாம் அதனைப் படித்து நமக்கு விளக்கவேண்டும். புலவர் மட்டுமே நிறைந்த அவை நயன்மன்றத்தில் தோற்கும் என்பதை 2000-ஆம் ஆண்டு நமக்குக் காட்டிவிட்டது.

நான்காவது: 1990-களில் தோன்றிய தாய்த்தமிழ்ப் பள்ளிகள் போன்றவற்றையும், நம் தெருவிலுள்ள அரசுப் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவையும் தாங்குவோம். திங்கள்தோறும் ஒரு சிறுதொகை, ஆண்டிற்கு ஒருமுறை திறந்த கணக்கு. கணக்குக் காட்டாத கழகம் கட்சியினும் கீழானது.

ஐந்தாவது, இதுவே தலையாயது: நம் வீட்டுப் பிள்ளை. இவ்வவையில் அமர்ந்துள்ள நாற்பது, ஐம்பது குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தமிழ்வழியிற் சேர்த்து, அப்பிள்ளைகளுக்கு மாலைதோறும் ஆங்கிலத்தையும் கணக்கையும் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்து, பத்தாண்டில் முன்னேற்றிக் காட்டுமாயின், அதனினும் வலிய அழுத்தம் வேறெது? பெற்றோரின் நடை அன்று அரசைப் பணியவைத்தது. அதே பெற்றோரின் நடை திரும்பினால் அரசும் திரும்பும்.

கூட்டம் முடிந்து திரும்பும்போது அத்தேநீர்க்கடை அன்பர் இன்னும் அங்கே நிற்பாராயின் நான் அவரிடம் கூறுவது இதுதான்: "ஐயா, நாங்கள் தேர்தலில் நிற்கமாட்டோம். நிற்பவர் எவராயினும் அவர் வாயிலில் நாங்கள் நிற்போம். தங்கள் பேரப்பிள்ளை எந்தப் பள்ளியிற் படிக்கிறது?" அவர் விடையைப் பொறுத்தே அடுத்த கூட்டத்திற்கு அவரை அழைப்பேன். நீங்களும் ஆளுக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.



வாழ்க தமிழ்! வெல்க தமிழர் ஒற்றுமை!